வரியும் முகவரியும்

2009 ஜூலையில் அமெரிக்காவில் கிண்டில் வைத்திருந்த சிலர் தங்கள் கருவியைத் திறந்தபோது இரண்டு நூல்களைக் காணவில்லை. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டும் காசு கொடுத்து வாங்கியவை. அந்தப் பதிப்புகளை விற்றவருக்கு அதற்கான உரிமையே இல்லை என்று தெரியவந்ததும், அமேசான் அவற்றைத் தொலைவிலிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்திருந்தது. போயும் போயும் ஆர்வெல்லின் நூலைப் போய் அழித்தார்களே என்று பத்திரிகைகள் கேலி பேசின. ஆனால் வழக்குப் போட்டவர்களில் ஒருவர், மிச்சிகன் மாநிலத்துப் பள்ளி மாணவர், வேறொரு நஷ்டத்தைச் சொன்னார். விடுமுறை வீட்டுப்பாடத்துக்காக '1984'ஐப் படித்துக்கொண்டே அங்கங்கே குறிப்பு எழுதிவந்திருந்தார். அந்தக் குறிப்புகள் அழியவில்லை, கருவியில் பத்திரமாகவே இருந்தன. எந்தக் குறிப்பு எந்தப் பத்திக்கு உரியது என்பதுதான் போய்விட்டது. 'இந்தப் பத்தி கட்டுரைக்கு உதவும்' என்கிற ரகக் குறிப்பு, பத்தி இல்லாமல் எதற்கு உதவும்? அமேசான் 1,50,000 டாலர் தர ஒப்புக்கொண்டு அந்த வழக்கை முடித்துக்கொண்டது.

ஹைலைட் என்று நாம் ஒன்றாகச் சொல்வது உண்மையில் இரண்டு தகவல்கள். ஒன்று வரி: நமக்குப் பிடித்துப்போன அந்தச் சொற்கள். மற்றது முகவரி: அந்தச் சொற்கள் நூலில் எங்கே இருக்கின்றன என்பது. காகிதப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போடும்போது இரண்டும் ஒரே இடத்தில் கிடப்பதால் இந்தப் பிரிவினை கண்ணில் படாது. மின்னூலில் பெரும்பாலும் நூல் ஒரு கோப்பு, நம் கோடு வேறொரு கோப்பு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டுவது திரையின் வேலை. கிண்டிலில் குறித்ததை அப்சிடியன், நோஷன் போன்ற குறிப்புச் செயலிக்குத் தானாகப் போய்ச் சேரவைக்க வேண்டும் என்று ஆசைப்படும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. வரி போய்ச் சேர்ந்தால் முகவரி வராது. முகவரி வந்தால் வரி இருக்காது.

கிண்டிலையே எடுத்துக்கொள்வோம். கம்பி செருகிக் கணினியில் இணைத்தால் 'டாக்குமென்ட்ஸ்' என்ற கோப்புறைக்குள் 'மை கிளிப்பிங்ஸ்' என்று ஒரு சாதாரண உரைக்கோப்பு தெரியும். நோட்பேடில் திறந்தே படிக்கலாம். ஒவ்வொரு பதிவிலும் முதல் வரியில் நூலின் பெயர், அடைப்புக்குறிக்குள் ஆசிரியர். அடுத்த வரியில் இது ஹைலைட்டா, குறிப்பா, புக்மார்க்கா என்பதும், பக்கம் அல்லது 'லொக்கேஷன்' எண்ணும், குறித்த நாளும் மணியும். பிறகு ஒரு வெற்று வரி. அதன் கீழே நாம் குறித்த சொற்கள். கடைசியாகப் பத்துச் சமக்குறிகள் வரிசையாக நின்று இந்தப் பதிவை அடுத்ததிலிருந்து பிரிக்கும். முதல் கிண்டில் 2007இல் வந்தது. இந்தக் கோப்பு இன்றும் ஏறக்குறைய இதே உருவத்தில்தான் இருக்கிறது.

இதற்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியாது. ஒரு வாக்கியத்தைக் குறித்துவிட்டு, விரல் இரண்டு சொல் முன்னதாகவே நின்றுவிட்டதைப் பார்த்து நீட்டினால், பழைய பதிவு அப்படியே இருக்கப் புதியது ஒன்று அடியில் சேரும். நான்கு முறை நீட்டிச் சுருக்கினால் மேலும் நான்கு பதிவுகள். கருவியில் ஹைலைட்டை அழித்தாலும் இங்கே அழியாது. ஆகவே இந்தக் கோப்பை வாங்கிக்கொள்ளும் எந்த மென்பொருளுக்கும் முதல் வேலை களையெடுப்பதுதான். ஒரே நூலில் இரண்டு பதிவுகளின் லொக்கேஷன் எண்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன, ஒன்றின் சொற்கள் மற்றதற்குள் அடங்குகின்றன என்றால் இரண்டும் ஒரே ஹைலைட்டின் முந்தைய, பிந்தைய நிலைகள். எதை வைத்துக்கொள்வது? நீளமானதை என்று சொல்லத் தோன்றும். ஆனால் வாசகர் வேண்டுமென்றே சுருக்கியும் இருக்கலாம். நேரத்தைப் பார்க்கலாம் என்றால், கோப்பில் இருப்பது கருவியின் கடிகாரம் காட்டிய நேரம். அது எந்த ஊர் நேரம் என்று எங்கும் எழுதியிருக்காது. சிங்கப்பூரில் விமானம் ஏறி உட்கார்ந்து கடிகாரத்தைச் சென்னைக்கு மாற்றியவருக்கு, பிந்திக் குறித்தது முந்திக் குறித்ததாகிவிடும். கோப்பில் கீழே கிடப்பது எதுவோ அதுவே பிந்தியது என்று கொள்வதுதான் பத்திரமான வழி. கழிக்கத் தெரியாத குணம் அங்கே மட்டும் கைகொடுக்கிறது.

நாம் எழுதும் குறிப்பும் இதே கோப்பில் தனிப் பதிவாகவே விழுகிறது; எந்த ஹைலைட்டுக்கு எழுதியது என்ற இணைப்பு எதுவும் கிடையாது. குறிப்பின் லொக்கேஷன் எண் எந்த ஹைலைட்டின் முடிவு எண்ணோடு பொருந்துகிறது என்று பார்த்து, மென்பொருள்தான் இரண்டையும் முடிச்சுப் போட வேண்டும். மிச்சிகன் மாணவருக்கு மிஞ்சிய எண்கள் ஏன் வெறும் எண்களாகவே இருந்தன என்பது இதிலிருந்து புரியும்.

அந்த லொக்கேஷன் எண்தான் என்ன? மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கங்கள் கூடும், சிறிதாக்கினால் குறையும். பக்க எண்ணை நம்ப முடியாது. அதனால் கோப்பையே அளந்து கூறு போட்டார்கள். பழைய மோபி வகைக் கோப்பில் ஏறக்குறைய 150 பைட்டுக்கு ஒரு லொக்கேஷன். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். யூட்டிஎஃப்-8 முறையில் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். அதிலும் 'யாழ்' என்பது நாம் எண்ணினால் இரண்டு எழுத்து. கணினிக்கு ய, துணைக்கால், ழ, புள்ளி என நான்கு குறிகள், 12 பைட். ஆகவே ஆங்கிலத்தில் ஒரு லொக்கேஷனுக்குள் ஓரிரு வாக்கியங்கள் அடங்கும் என்றால், தமிழில் ஐந்தாறு சொல்லுக்குள் அடுத்த எண் பிறந்துவிடும். ஒரே அளவுள்ள தமிழ்ப் புத்தகமும் ஆங்கிலப் புத்தகமும் லொக்கேஷன் கணக்கில் வெகுதூரம் விலகி நிற்க இதுவே காரணம்.

முகவரி மட்டும் வந்து வரி வராமல் போகும் விசித்திரமும் உண்டு. ஒரு நூலிலிருந்து எவ்வளவு படியெடுக்கலாம் என்று பதிப்பாளர் வரம்பு வைக்கிறார். பல நூல்களில் அது பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். வரம்பு தாண்டியபின் போடும் கோடு திரையில் மஞ்சளாகத்தான் தெரியும். கோப்பில் மட்டும் நூலின் பெயர் இருக்கும், லொக்கேஷன் இருக்கும், நேரம் இருக்கும். சொற்கள் இருக்க வேண்டிய இடத்தில் வரம்பு முடிந்தது என்ற அறிவிப்பு உட்கார்ந்திருக்கும். பரீட்சைக்குப் படிப்பவர்கள்போல் பக்கத்துக்குப் பத்துக் கோடு போடுபவர்கள்தான் இதை முதலில் கண்டுபிடிப்பார்கள்.

கம்பி இல்லாத வழியும் இருக்கிறது. கடையில் வாங்கிய நூல்களின் ஹைலைட்டுகள் அமேசானின் சர்வருக்குப் போகின்றன. அவற்றை உலாவியில் ஒரு 'நோட்புக்' பக்கத்தில் பார்க்கலாம். நாமே கம்பி வழியாக ஏற்றிய நூல்களுக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை. வெளி மென்பொருள்கள் கேட்டு வாங்கிக்கொள்ள முறையான வாசல் எதையும் அமேசான் திறந்துவைக்கவில்லை. ரீட்வைஸ் போன்ற சேவைகள் என்ன செய்கின்றன என்றால், நம் உலாவியில் ஒரு நீட்சியாக உட்கார்ந்து, நாம் உள்நுழைந்திருக்கும் அந்த நோட்புக் பக்கத்தை நம் சார்பில் படித்து, ஹைலைட்டுகளை எடுத்துத் தங்கள் சர்வரில் வைத்துக்கொள்கின்றன. அங்கிருந்து அப்சிடியனுக்கு வருவது அடுத்த கட்டம். அமேசான் பக்கத்தின் அமைப்பை மாற்றினால் சங்கிலியின் முதல் கண்ணியே அறுந்துவிடும். 'தானாக நடக்கிறது' என்று விளம்பரப்படுத்தப்படும் வேலைக்குப் பின்னால் யாரோ ஒருவர் அந்த மாற்றங்களைத் துரத்திக்கொண்டே இருக்கிறார்.

கிண்டிலுக்கு வெளியே, ஈபப் என்ற பொதுவான மின்னூல் வடிவத்தில், முகவரி எழுதும் முறை இதைவிடச் செப்பமானது. /6/14!/4/10/1:23 என்று ஒரு முகவரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 6 என்பது நூலின் வாசிப்பு வரிசைப் பட்டியல். அதில் 14 என்றால் ஏழாவது கோப்பு. வியப்புக்குறி வந்ததும் அந்தக் கோப்புக்குள் நுழைய வேண்டும். 4 என்றால் அதன் உடற்பகுதி, 10 என்றால் ஐந்தாவது பத்தி, 1 என்றால் பத்தியின் முதல் எழுத்துத் தொடர், கடைசியில் 23ஆவது குறி தாண்டியதும் நம் இடம். உறுப்புகளுக்கெல்லாம் இரட்டைப்படை எண். அவற்றுக்கு இடையே எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒற்றைப்படை எண்ணைக் காலியாக ஒதுக்கிவைக்கிறார்கள். இரண்டு உறுப்புகளுக்கு நடுவே வெற்றிடமோ எழுத்தோ புதிதாக வந்தாலும் உறுப்புகளின் எண்கள் குழம்பாதிருக்க அந்த ஏற்பாடு உதவும். அழகான முறைதான். ஆனால் பதிப்பாளர் அடுத்த திருத்தத்தில் மேலே ஒரு சமர்ப்பணப் பத்தியைச் செருகினால் போதும், நம் கோடு பக்கத்துப் பத்தியில் போய் விழுந்துவிடும். அப்படி விழுந்தது கணினிக்குத் தெரியவே தெரியாது.

பிடிஎஃப் இன்னொரு துருவம். அங்கே ஹைலைட் நூலின் கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது, ஆனால் சேமிக்கப்படுவது நாற்கோணங்களின் மூலைப் புள்ளிகள் மட்டுமே: தாளின் ஓரத்திலிருந்து இத்தனை தூரம், அடியிலிருந்து இத்தனை உயரம். வரி என்ன என்பது பதிவிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குறிப்புச் செயலிக்கு அனுப்பும்போது, அந்தக் கட்டங்களுக்குள் எந்த எழுத்துருவங்கள் விழுகின்றன என்று பார்த்துச் சொற்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் பெரும்பாலும் நடந்துவிடுகிறது. தமிழில்? பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அச்சுக்கோத்த நூல் என்றால் திரையில் அழகான தமிழ் தெரியும், எடுத்துவந்தால் பொருளற்ற ரோமன் எழுத்துக்குவியல் கிடைக்கும். யூனிகோட் எழுத்துருவாகவே இருந்தாலும், கொம்பு எழுத்துக்கு முன்னால் வரையப்படுவதால் 'கெ' என்பதைப் பிரித்தெடுக்கும் கருவி கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னாலும் போட்டுவைக்கும். தமிழ் பிடிஎஃப்களை நம்பி ஹைலைட் நூலகம் கட்ட நினைப்பவருக்கு என் யோசனை: முதல் பத்து வரிகளை எடுத்துப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

முகவரிகள் எல்லாம் இப்படி நொண்டியடிக்கும்போது, வரியையே முகவரியாக வைத்துக்கொண்டால் என்ன? டபிள்யூ3சி என்ற இணையத் தரநிர்ணய அமைப்பு 2017 பிப்ரவரியில் வெளியிட்ட குறிப்புரைத் தரத்தில் அதற்கு இடமுண்டு. குறித்த சொற்களை அப்படியே எழுதி, அவற்றுக்கு முன்னால் வரும் கொஞ்சம், பின்னால் வரும் கொஞ்சம் ஆகியவற்றையும் சேர்த்துச் சேமிக்கும் முறை அது. ஒரே வாக்கியம் நூலில் இரண்டு இடத்தில் வந்தால், அண்டை அயலாரைப் பார்த்து எது நம்முடையது என்று தீர்மானிக்கலாம். இணையப் பக்கங்களில் கோடு போட உதவும் ஹைப்பாத்தசிஸ் என்ற மென்பொருள் இரு பக்கமும் 32 குறிகளை எடுத்துக்கொள்கிறது. எண் முகவரிகளையும் கூடவே வைத்துக்கொண்டு முதலில் அங்கே போய்ப் பார்க்கும். சொற்கள் ஒத்துப்போகாவிட்டால் எண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டு, சொற்களைத் தேடிப் பக்கம் முழுக்க அலையும். எங்கும் கிடைக்காதவற்றுக்கென்று தனி அறை வைத்திருக்கிறது. அதன் பெயரே 'அநாதைகள்'.

வரியை நம்புவது புதிய யோசனையும் அல்ல. புறத்திரட்டு என்ற தொகைநூலைத் தொகுத்தவர் யாரென்று தெரியாது. தாம் படித்த நூல்களிலிருந்து பிடித்த பாடல்களைத் தேர்ந்து, பொருள்வாரியாகத் தலைப்பிட்டு அடுக்கிவைத்தார். இன்றைய குறிப்புச் செயலிகள் செய்துதர முயலும் வேலை அச்சு அசலாக இதுதான். அவர் எடுத்தாண்ட நூல்களில் பல பிற்பாடு அழிந்துபோயின. முத்தொள்ளாயிரத்தில் இன்று நம் கையில் இருப்பது நூற்றுச் சொச்சம் வெண்பாக்கள். அவற்றில் பெரும்பாலானவை வந்தது புறத்திரட்டின் வழியாக. 'இன்ன நூலின் இத்தனையாவது ஏடு' என்று மட்டும் குறித்துவைத்திருந்தால் நமக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. சேமிக்க இடம் குறைவு, எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று வாதாடும் மென்பொருளாளர்களுக்கு அந்தத் தொகுப்பாளரை அறிமுகப்படுத்தலாம்.

சொற்களைத் தேடுவதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. நூலில் ஓர் அச்சுப்பிழையைத் திருத்தினால் அச்சொட்டாகத் தேடும் தேடல் தோற்கும். அதனால் 'கிட்டத்தட்ட' தேடுகிறார்கள். விளாதிமிர் லெவன்ஷ்தைன் 1965இல் வகுத்த அளவுகோல் இதற்கு அடிப்படை: ஒரு தொடரை மற்றொன்றாக மாற்ற எத்தனை முறை ஒரு குறியைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும்? 'கற்றல்' என்பதை 'கற்றால்' ஆக்க ஒரே ஒரு துணைக்கால் போதும், தூரம் 1. நீண்ட வாக்கியத்தில் தூரம் ஒன்றிரண்டு என்றால் இதுதான் அது என்று துணிந்து சொல்லலாம். இரண்டே சொல்லைக் குறித்தவருக்கு அந்தத் துணிச்சல் ஆபத்து, ஏனென்றால் இந்த அளவுகோலுக்குப் பொருள் தெரியாது.

தமிழுக்கே உரிய ஒரு பொறி இதற்குள் ஒளிந்திருக்கிறது. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து, அல்லது ககரத்தோடு கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்த்து. திரையில் இரண்டும் ஒன்றே. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இரண்டாவது வகை அவ்வப்போது எட்டிப்பார்க்கும். இது ஏற்கெனவே வந்த ஹைலைட்டா, புதியதா என்று பார்க்கச் சில மென்பொருள்கள் வரியிலிருந்து ஒரு ஹாஷ், அதாவது கைரேகை போன்ற எண், தயாரித்து ஒப்பிடுகின்றன. அந்தக் கணக்கில் ஒரு குறி மாறினாலும் விடை அடியோடு மாறிவிடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு 'கொ'வும் இரண்டு ஹாஷ் தரும், நம் குறிப்பேட்டில் ஒரே வாக்கியம் இரட்டைப் பிறவியாக வந்து நிற்கும். ஹாஷ் எடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் 'நார்மலைசேஷன்' என்ற படியை யூனிகோட் தரமே வகுத்திருக்கிறது. செய்ய மறந்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்பவர்களுக்கோ இந்தத் தரமும் உதவாது. அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள்.

இதைவிட நுட்பமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முந்திரி முதலான தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடில் சேர்ந்தன. அவற்றுக்குக் கிடைத்த இடம் வழக்கமான தமிழ்ப் பகுதிக்கு வெளியே, எண்வரிசையில் வெகு மேலே. உலாவிகளும் மேலே சொன்ன ஈபப் முகவரியும் எண்ணும் முறையில் அப்படிப்பட்ட ஒரு குறிக்கு இரண்டு என்று கணக்கு. பைத்தான் மொழியில் எழுதிய நிரல் ஒன்று என்று எண்ணும். பழைய கோயில் கணக்கு ஒன்றை மின்னூலாக்கினால், மூன்று பின்னங்களைத் தாண்டிய பிறகு இரண்டு மென்பொருள்களின் முகவரிகளும் மூன்று குறிகள் விலகி நிற்கும். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு; கோளாறு என்னவோ முழுதாகவே வரும்.

இவ்வளவையும் தாண்டி வரி அப்சிடியனுக்கு வந்து சேர்கிறது. அங்கே ஒவ்வொரு நூலுக்கும் ஒரு எளிய உரைக்கோப்பு, நம் கணினியிலேயே. ரீட்வைஸ் அதில் எழுதும் முறையில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருக்கிறது: புதிய ஹைலைட்டைக் கோப்பின் அடியில் சேர்க்கும், ஏற்கெனவே உள்ளதைத் தொடாது. மூலத்தில் ஒரு ஹைலைட்டைத் திருத்தினாலும் நீக்கினாலும் இங்கே பழையதே இருக்கும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. இரண்டு பக்கமும் திருத்தலாம் என்று வந்தால், போனில் நீக்கியதும் கணினியில் மெருகேற்றியதும் ஒன்றோடொன்று மோதும். யாருடைய திருத்தம் முந்தியது என்று கடிகாரத்தை வைத்துச் சொல்ல முடியாது என்பதை லெஸ்லி லாம்போர்ட் 1978இலேயே விளக்கி, நேரத்தை விட்டுவிட்டு நிகழ்வுகளின் வரிசையைப் பிடித்துக்கொள்ள வழி சொன்னார். எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் எல்லாக் கருவிகளிலும் ஒரே விடை தரும் சிஆர்டிட்டி என்ற தரவு வடிவங்கள் 2011 வாக்கில் முறையாக வகுக்கப்பட்டன. நீக்கிய பொருளுக்குக்கூட அவற்றில் பல ஒரு நடுகல் நட்டுவைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு கருவியிலிருந்து அது உயிர்பெற்றுத் திரும்பிவிடும். ஒருவழிப் பாதைக்கு இந்த வம்பே இல்லை. ஹைலைட்டுகளுக்கு நடுவே நாம் சொந்தமாக எழுதிவைத்த நாலு வரியை எந்தச் சர்வரும் வந்து மிதிக்காது.

அந்த நாலு வரிதான் காரியம். ஜான் டன்லாஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் 2013இல் பத்துப் படிப்பு உத்திகளை ஆராய்ந்து தரம் பிரித்தபோது, கோடு போடுவதைப் பயன் குறைந்தவற்றின் வரிசையில் வைத்தார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், படிப்பை நாட்கள் இடைவிட்டுப் பரப்பிக்கொள்வதும் மேலே இருந்தன. ரீட்வைஸ் பழைய ஹைலைட்டுகளைத் தினமும் கொஞ்சம் எடுத்துக் காட்டுவது இந்த இரண்டாவது உத்தியை நம்பித்தான். வரி தானாக வந்து விழுகிறது என்ற வசதியில், அதைக் கையால் எழுதும்போது நடந்த சிறு யோசனையும் போய்விடுகிறது என்பது உண்மை. ஆனால் கையால் எழுதியிருப்போமா என்பது வேறு கேள்வி.

இப்போது கோடு போடுவது காதுக்கும் வந்துவிட்டது. பாட்காஸ்ட் கேட்டுக்கொண்டே ஹெட்போன் பொத்தானைத் தட்டினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளும் செயலிகள் இருக்கின்றன. 14 நிமிடம் 32 நொடி என்று முகவரி எழுதுகிறார்கள். பல நிகழ்ச்சிகளில் விளம்பரங்கள் ஒலிக்கோப்பைத் தரவிறக்கும் நேரத்தில்தான் செருகப்படுகின்றன, ஊருக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று. என் பதினான்காம் நிமிடம் உங்கள் பதினைந்தாம் நிமிடம். இங்கும் தீர்வு பழையதே: பேச்சை எழுத்தாக்கி, அந்த இடத்தின் சொற்களையும் அண்டைச் சொற்களையும் பிடித்துவைத்துக்கொண்டு, புதிய கோப்பில் அவை எந்த நொடியில் ஒலிக்கின்றன என்று தேடுவது. எழுத்தாக்கும் மென்பொருள் இரண்டாம் முறை அதே பேச்சைச் சற்று வேறாகக் கேட்டுத்தொலைக்கும் என்பதால், லெவன்ஷ்தைனின் தூரத்தை இங்கே இன்னும் தாராளமாக வைக்க வேண்டியிருக்கிறது.